தோலில் பிறந்த அறிவியலும் காப்புரிமைச் சட்டமும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா என்பது வந்த வழியை எண்ணிப் பார்ப்பதற்கும் செல்லும் வழியைத் தேர்ந்து கொள்வதற்கும் உரிய நாள். வந்த வழியைப் பற்றி முன்னர்ப் பேசிய பெரியவர்கள் விரிவாகக் கூறிவிட்டனர். ஆதலின் செல்லும் வழியைப் பற்றிச் சில கூற விழைகிறோம். அதன் பொருட்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், காப்புரிமை பெற்ற புதுப்புனைவுகள் என்பதாகும். உடலின் திசுக்களைப் புதிதாக ஆக்கும் கலை, கண்ணுக்குத் தோன்றாத மீநுண் துகள்களில் மருந்தை ஏற்றும் கலை, வேதிப் பொருள்களிலிருந்து மின்னாற்றல் பெறும் கலை ஆகியவற்றில் நிகழ்ந்த சில புனைவுகளைப் பற்றியும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சட்டத்தைப் பற்றியும் பேசுவோம். இஃது ஆராய்ச்சிக் கூடங்களில் இருப்போர் பேச வேண்டிய பொருள் அன்றோ, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் மிக நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

காப்புரிமை என்பது யாது?

முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிவோம். ஒருவர் புதியதொரு பொருளையோ, பொருளை ஆக்கும் முறையையோ புனைகிறார். அது முன்பு உலகில் இல்லாததாக இருத்தல் வேண்டும். அத்துறை வல்லுநர் எவருக்கும் எளிதில் தோன்றிவிடக் கூடியதாக இருத்தல் கூடாது. தொழிலில் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால், விண்ணப்பம் அளித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்காலம், அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு அவருக்கு உரிமை வழங்குகிறது. இதுவே காப்புரிமை.

ஆயின் இவ்வுரிமையை அரசு விலையின்றித் தருவதில்லை. புனைந்தவர் தம் புனைவை ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்தாக வேண்டும். அத்துறையில் பயிற்சி உள்ள வேறொருவர் அவ்வெழுத்தைப் படித்துத் தாமே அதனைச் செய்து பார்க்கும் அளவுக்கு அது முழுமையாக இருத்தல் வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. மேலை நாட்டில் இதற்கு வழங்கும் பெயரின் வேர்ச்சொல்லே 'திறந்திருப்பது' என்னும் பொருள் உடையது. முத்திரையிட்டு மூடிய மடலாக அன்றி, எவரும் படிக்கத்தக்க திறந்த மடலாக அரசர் வழங்கிய ஆணையே அப்பெயரைப் பெற்றது.

எனவே காப்புரிமையில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று வேலி, மற்றொன்று ஏடு. வேலி 20 ஆண்டுகளில் விழுந்துவிடும். ஏடோ என்றும் நிலைத்திருக்கும். வேலி விழுந்த பின்னர், அந்த ஏட்டைப் படிக்க வல்லவர் எவராயினும் அப்பொருளைச் செய்யலாம். அவர் எந்தக் குலத்தில் பிறந்தவர் என்று கேட்பார் இல்லை. எழுத்தே நமக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கற்றவர் தம் கல்வியைத் தம் வீட்டோடும் தம் கிளையோடும் வைத்துக் காத்தனர். அந்த வழக்கத்திற்கு நேர் எதிரானது இந்தத் திறந்த ஏடு. இதனை நம் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பதனிட்ட கைகளும் கொலாஜன் என்னும் புரதமும்

இனி நமக்கு நெருங்கிய பொருளுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள் பெரும்பாலும் யார் என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் ஊனும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் மீண்டும் மீண்டும் தோய்த்து, அழுகும் பொருளை அழுகாப் பொருளாக்கினர். அத்தோல் கப்பலேறிச் சென்றது. அதைத் தொட்டவரோ தீண்டத்தகாதவர் எனப்பட்டனர். செருப்பை அணியலாம், அதைத் தைத்தவன் தெருவில் வரலாகாது என்பது எத்தகைய நீதி?

அந்தக் குழியில் நிகழ்ந்தது என்ன என்பதை அறிவியல் பின்னர் விளக்கியது. தோலின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். தோலில் மட்டுமன்றி எலும்பிலும் தசைநாணிலும் அதுவே நிறைந்துள்ளது. பட்டைச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைந்த இழையை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க இயலாது. இதுவே பதனிடுதலின் உட்பொருள். ஏடு படித்தறியாத நம் முன்னோர் கைப்பழக்கத்தால் செய்து வந்தது, ஒரு புரதத்தின் அழிவுக் காலத்தை நீட்டிக்கும் வேதியியலே ஆகும்.

இப்புரதத்தின் அமைப்பு நம் சென்னையிலேயே கண்டறியப்பட்டது என்பது பெருமைக்குரிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன் அவர்களும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தா அவர்களும், கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மும்முறுக்குக் கயிறு போன்றது என்று 1954-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் ஏன் வருகிறது என்பதையும் அவ்வமைப்பு விளக்கியது. கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்வாய்வுக்குத் துணை நின்றது. பிற்காலத்தில் அந்நிலையமே, கொலாஜனைக் கொண்டு தீப்புண்ணை மூடும் படலங்களை ஆக்கும் முறையை வகுத்துத் தொழில் துறைக்கும் வழங்கியது.

தோலுக்குத் தோல்

இதே கொலாஜன் கடல் கடந்து மற்றொரு வியத்தகு புனைவுக்கு அடிப்படையாயிற்று. பாஸ்டன் நகரில் ஜான் பர்க் என்னும் அறுவை மருத்துவர் தீக்காயமுற்றோருக்கு மருத்துவம் செய்து வந்தார். தோல் என்பது வெறும் போர்வை அன்று. உடலின் நீர் வெளியேறாமலும் நோய்க்கிருமி உள்ளே புகாமலும் காப்பது அதுவே. உடலின் ஒரு பகுதி வெந்தால், வேறு பகுதியிலிருந்து தோலை எடுத்து ஒட்டலாம். பாதிக்கு மேல் வெந்துவிட்டால் எடுப்பதற்குத் தோல் ஏது? அவ்வாறு வந்தவர்களுள் மிகப் பலர் மாண்டனர். அம்மருத்துவர் 1969-ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அயோனிஸ் யானஸ் என்பவரை அடுத்து, தோலுக்கு மாற்றாக ஏதேனும் ஆக்க இயலுமா என்று கேட்டார். யானஸ் கிரேக்க நாட்டில் பிறந்தவர். பலபடிச் சேர்மங்களை ஆய்ந்தவர்.

இருவரும் பிறரும் கூடி ஆக்கிய செயற்கைத் தோல் இரண்டு அடுக்குகளை உடையது. கீழடுக்கு, மாட்டிலிருந்து பெற்ற கொலாஜனும், சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற ஒரு சர்க்கரைச் சேர்மமும் கலந்து, கடற்பஞ்சு போல் நுண்துளைகளுடன் அமைந்தது. மேலடுக்கு, நீரையும் கிருமியையும் தடுக்கும் மெல்லிய சிலிக்கோன் படலம். வெந்த தசையை நீக்கிய இடத்தில் இதனைப் பரப்பினால், நோயாளியின் சொந்த உயிரணுக்களும் குருதிக் குழாய்களும் நுண்துளைகள் வழியே மேலேறி வளர்கின்றன. சில வாரங்களில் வைத்த கொலாஜன் மெல்லக் கரைந்து மறைய, அவ்விடத்தில் நோயாளியின் சொந்த அடித்தோல் உருவாகிவிடுகிறது. பின்னர்ச் சிலிக்கோனை நீக்கி, மிக மெல்லிய மேல்தோலை ஒட்டுகின்றனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வைத்த கொலாஜன் விரைந்து கரைந்தால் உயிரணுக்கள் ஏறக் கொம்பு இராது. கரையாமலே நின்றால் தழும்பாகும். எனவே கரையும் காலத்தை அளவிட்டு அமைக்க வேண்டியிருந்தது. அதற்காக இழைகளைப் பிணைத்தனர். பிணைப்பதற்குப் பயன்பட்ட பொருள்களுள் ஒன்றான குளூட்டரால்டிஹைடு, தோல் பதனிடும் தொழிலிலும் பயன்படுகின்ற பொருளே. அழிவுக் காலத்தை ஆளும் அதே கருத்து, பதனிடும் குழியிலிருந்து அறுவை அரங்கிற்கு ஏறிச் சென்றது என்று கூறுவது மிகையன்று.

பல அடுக்குப் படலம் என்னும் பெயரால் இப்புனைவுக்கு 1977 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை எண் 4,060,081 வழங்கப்பட்டது. 1981-இல், உடலின் 50 முதல் 95 விழுக்காடு வரை வெந்த 10 நோயாளிகளுக்கு இதனைப் பயன்படுத்திய செய்தியை மருத்துவ இதழில் வெளியிட்டனர். 1996-இல் அந்நாட்டு அரசு இதனைப் பொதுப் பயன்பாட்டிற்கு ஏற்றது. திசுப் பொறியியல் என்று இன்று கல்லூரிகளில் பயிலும் துறை வேரூன்றியதில் இப்புனைவுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த முதற்காப்புரிமையின் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆயின. அந்த ஏடு இன்று உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது. நம்மவர் எத்தனை பேர் அதனைப் படித்திருக்கிறோம்? தோலைத் தொட்டதால் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள், அத்தோலின் புரதம் உயிர் காக்கும் கதையை அறியாதிருப்பது முறையோ?

நம் பிள்ளைகள் மீண்டும் பதனிடும் குழிக்குச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்தன்று. அத்தொழில் விரும்பி ஏற்றதன்று, சுமத்தப்பட்டது. அதன் நாற்றத்தையும் நஞ்சையும் நாம் போற்றவில்லை. அதில் அடங்கியிருந்த அறிவு நம்முடையது என்பதையும், அவ்வறிவின் உயர்ந்த படியில் நின்று ஆய்வு செய்யும் உரிமை நமக்கு உண்டு என்பதையுமே கூறுகிறோம்.

பெயர் எழுதும் உரிமை

காப்புரிமை ஏட்டில் பெயர் எழுதும் உரிமையும் எல்லார்க்கும் எளிதில் கிட்டவில்லை. அமெரிக்க நாட்டில் மிசிசிப்பி மாநிலத்தில் நெட் என்னும் அடிமை, பருத்திச் செடிகளைக் களையெடுத்துச் சீர்செய்யும் கருவி ஒன்றைப் புனைந்தார். அவரை உடைமையாகக் கொண்டிருந்த ஆஸ்கர் ஸ்டூவர்ட் என்பவர் அதற்குக் காப்புரிமை கேட்டார். அடிமை குடிமகன் அல்லன்; ஆதலின் அவன் பெயரில் தரலாகாது. ஆண்டானோ புனைந்தவன் அல்லன். ஆதலின் அவன் பெயரிலும் தரலாகாது. 1858-இல் அந்நாட்டு அரசின் தலைமை வழக்குரைஞர் தந்த கருத்து இதுவே. கருவி உண்மை, அதைப் புனைந்த அறிவு உண்மை, ஆயினும் புனைந்தவனுக்குச் சட்டத்தின் கண்களில் பெயர் இல்லை. பெயரின்றி உழைத்த நம் முன்னோர் நிலையை நாம் எண்ணிப் பார்க்க இவ்வொரு செய்தி போதும்.

கால் நூற்றாண்டு கழிந்தது, அடிமைமுறையும் ஒழிந்தது. யான் மாட்செலிகர் என்னும் கருப்பினத் தொழிலாளி, சுரிநாம் நாட்டில் 1852-இல் பிறந்தவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்னும் ஊரில் காலணித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். காலணியின் மேல்தோலை அச்சுக்கட்டையின் மீது இழுத்து மடித்து அடித்தோலோடு சேர்க்கும் வேலையைக் கையாலன்றிச் செய்ய இயலாது என்று அக்காலத்தில் அனைவரும் நம்பினர். தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இணைகள் செய்வார். மாட்செலிகர் பகலில் உழைத்து, இரவில் ஆங்கிலமும் இயந்திர நூல்களும் கற்று, கிடைத்த மரத்துண்டையும் பழைய இரும்பையும் கொண்டு மாதிரி செய்து செய்து பார்த்து, அவ்வேலையைச் செய்யும் இயந்திரத்தைப் புனைந்தார். அவர் அனுப்பிய வரைபடங்கள் காப்புரிமை அலுவலர்களுக்கே விளங்கவில்லை. நேரில் ஆளனுப்பி இயந்திரத்தைப் பார்த்த பின்னரே நம்பினர். 1883 மார்ச் 20-இல் காப்புரிமை கிட்டியது. அவ்வியந்திரம் வளர்ச்சி பெற்று நாளொன்றுக்கு 150 முதல் 700 இணைகள் வரை செய்தது. காலணியின் விலை குறைந்து எளியோர்க்கும் எட்டியது.

ஆயினும் அவர் வாழ்வு வளம் பெறவில்லை. மாதிரி செய்யப் பணம் இல்லாமையால், உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை முன்னரே பணம் தந்தோருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. உண்ணாமலும் உறங்காமலும் உழைத்த உடல் காசநோய்க்கு இரையாகி, 1889-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. வேலையின் வருத்தத்தை உடலால் அறிந்தவனே அதற்குத் தீர்வு காண்பதில் முன்னிற்கிறான் என்பது ஒன்று. அறிவு இருந்தும் துணை நிற்கும் அமைப்பு இல்லையாயின், பயன் பிறர் கைக்குப் போய்விடும் என்பது மற்றொன்று. கல்விக் கழகம் என்னும் அமைப்பு எதற்கு என்று கேட்போர்க்கு இவ்விரண்டாம் பாடமே விடை.

புனைவு உருவாக்கியவனுக்குப் பயன் தராது போவது தொழிலாளிக்கு மட்டும் நேர்வதன்று. இன்று கைப்பேசியிலும் மின் ஆட்டோவிலும் இருக்கும் லித்தியம்-அயனி மின்கலத்தை நோக்குங்கள். வேதி மாற்றத்தில் ஆற்றலைச் சேர்த்து வைத்துத் தரும் இக்கலத்திற்கு வேண்டிய கோபால்ட் ஆக்சைடு மின்முனையை, ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப் குழுவினர் 1980-இல் கண்டறிந்தனர். அப்பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை பெற முன்வரவில்லை. உரிமை வேறொரு நிறுவனத்திற்குச் சென்றது. ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-இல் முழுக்கலத்தை உருவாக்கிக் காப்புரிமைக்கு வழிசெய்தார். 1991-இல் அது கடைக்கு வந்தது. குடினஃப் 2019-இல் தம் 97-ஆம் வயதில் விட்டிங்காம், யோஷினோ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அக்கலங்களின் விற்பனையில் அவருக்குப் பங்கு இருந்ததில்லை. சட்டத்தை அறியாத அறிவு, வேலியில்லாப் பயிர் போன்றது.

வேலி உயர்ந்தால் யார் வாடுவர்?

இனி வேலியின் மறுபக்கத்தையும் கூறுதல் கடமை. புனைந்தவர்க்கு உரிமை தேவைதான். ஆயினும் மருந்துக்கு வேலி உயர்ந்தால், வெளியே நின்று வாடுபவர் ஏழை நோயாளியே.

நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிட்டியது. மருந்தின் விலையும் உயர்ந்திருந்தது. நீதியரசர் இராசகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையின் வழியில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, ஆக்கும் முறைக்கு மட்டும் குறுகிய காலத்திற்கு உண்டு என்றது அச்சட்டம். அதன் நிழலில் நம் மருந்துத் தொழில் தழைத்தது. பின்னர் உலக வணிக அமைப்பின் உடன்பாட்டால் 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை மீண்டது. ஆயினும் நாடாளுமன்றம் சில காப்புகளை வைத்தது. பழைய மருந்தின் வடிவத்தைச் சற்றே மாற்றி, நோய் தீர்க்கும் திறன் கூடாத நிலையில், புதிது என்று கேட்பவருக்குத் தரலாகாது என்னும் 3(ஈ) பிரிவு அவற்றுள் தலையாயது. காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்பது மற்றொன்று.

இக்காப்புகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 சனவரியில் மறுத்தது. எதிர்ப்பு மனு அளித்தவருள் புற்றுநோயாளர்க்கு உதவும் சங்கம் ஒன்றும் இருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1-இல் மறுப்பே உறுதியாயிற்று. அம்மருந்து மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ. 1,20,000 ஆகும், உள்நாட்டு மருந்தோ ஏறத்தாழ ரூ. 10,000-க்குள் கிட்டியது. அதற்கு முன்னர், 2012 மார்ச்சில், சோராஃபெனிப் என்னும் மற்றொரு புற்றுநோய் மருந்தைச் செய்ய நாட்கோ என்னும் உள்நாட்டு நிறுவனத்திற்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. ஏறத்தாழ ரூ. 2,80,000 ஆக இருந்த ஒரு மாத மருந்தின் விலை ரூ. 9,000-க்கும் கீழே இறங்கியது.

மீநுண் மருந்திலும் இதுபோன்ற ஒரு செய்தி உண்டு. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். டாக்சோருபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்துக் குருதியில் செலுத்தினால், இதயத்திற்கு அது செய்யும் கேடு குறைகிறது. புற்றுக்கட்டியின் குருதிக் குழாய்கள் ஓட்டை மிகுந்தவை; ஆதலின் குமிழிகள் அங்கே கசிந்து தங்குகின்றன. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே இக்குமிழி. 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்துக்கு, உற்பத்தித் தடையால் அங்கே பெருந்தட்டுப்பாடு வந்தது. 2012 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு, சன் என்னும் இந்திய நிறுவனம் செய்த அதே வகை மருந்தை இறக்குமதி செய்ய இசைந்தது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்தின் மருந்துக்கு முறையான ஒப்புதலும் தந்தது. வல்லரசின் நோயாளிகளுக்கு நம் நாட்டு மருந்து துணையானது. அக்குமிழியைச் செய்யக் கற்றவர்கள் இங்கே இருந்ததே அதற்குக் காரணம்.

திறந்த குளமும் ஏந்திய கலமும்

அறிவு பொதுவாயிற்று, ஏடு திறந்துவிட்டது என்று சட்டம் கூறுவதால் மட்டும் அது நம் கைக்கு வந்துவிடாது. மகாடு நகரின் சவதார் குளத்தை நினைத்துப் பாருங்கள். பொது நீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் அதன்வழித் தீர்மானம் இயற்றியது. ஏட்டில் குளம் திறந்தது. ஆயினும் எவரும் நீர் அருந்தத் துணியவில்லை. 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்று, தாமே இறங்கி நீர் பருகிய பின்னரே அந்த உரிமை உயிர் பெற்றது. காலம் முடிந்த காப்புரிமைகளும் அத்தகைய குளங்களே. இறங்குவோர் வேண்டும், ஏந்துவதற்குக் கலமும் வேண்டும். அக்கலம் அறிவியற் கல்வியே.

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்தவுடன், அறிவியற் பிரிவு கடினம், ஆங்கிலம் வராது, செலவு ஆகும் என்று கூறி அவர்களை வேறு திசைக்குத் திருப்பும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. கூறுவோர் சிலர் அன்பினால் கூறுகின்றனர். சிலர் வேறு நினைப்பினால் கூறுகின்றனர். விளைவு ஒன்றே. ஆய்வுக்கூடத்தின் வாயிலிலேயே பிள்ளை நிறுத்தப்படுகிறது. அங்கே எந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இடமில்லாமல் போகிறது. தீயில் வெந்தவரை நாள்தோறும் கண்ட மருத்துவர் கேட்டதால் செயற்கைத் தோல் பிறந்தது. காலணிப் பட்டறையில் கைநொந்தவர் கேட்டதால் இயந்திரம் பிறந்தது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்ட பின்னரும், சாக்கடைக் குழிக்குள் இறங்கி நம் சகோதரர்கள் மூச்சுத் திணறி மாள்கின்றனர். நிலவுக்குக் கலம் அனுப்பிய நாட்டில், ஊர்தோறும் அக்குழிக்கு ஓர் இயந்திரம் சென்று சேராமைக்கு அறிவின் குறை காரணமன்று. அக்கேள்வியைத் தன் வீட்டுக் கேள்வியாகக் கேட்பவர் ஆய்வுக்கூடத்தில் குறைவாக இருப்பதே காரணம்.

ஆதலின் இக்கழகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, கழகத்தின் விடுதிகளிலும் மாலை வகுப்புகளிலும் சிறியதாயினும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தல் வேண்டும். நூலைப் படித்துத் தேர்வு எழுதுவது வேறு. கையால் செய்து பார்ப்பது வேறு. தொழிலில் தேர்ந்த கைகள் நம்முடையவை. அவற்றைச் சோதனைக் குழாயிலிருந்து விலக்கி வைத்தல் ஆகாது.

இரண்டாவது, பத்தாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு மாணவ மாணவியின் வீட்டிற்கும் கழகத்தார் சென்று, பெற்றோரோடு அமர்ந்து, எப்பிரிவில் சேர்ப்பது என்று பேசுதல் வேண்டும். சிறப்பாகப் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

மூன்றாவது, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் காணும் வருத்தம் ஒன்றை நாளிட்டு எழுதி, அதை நீக்கும் வழி எது என்று தமக்குத் தோன்றியதையும் எழுதி வருதல் வேண்டும்.

நான்காவது, காப்புரிமை ஏட்டைப் படிக்கக் கற்றுத் தருதல் வேண்டும். நம் காப்புரிமை அலுவலகத்தின் ஏடுகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். சென்னை கிண்டியில் அதன் கிளை உள்ளது. தனி ஒருவர் இணையவழி விண்ணப்பிக்க முதற்கட்டணம் ரூ. 1,600, ஆய்வுக் கட்டணம் முதலியன தனி. கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் 80 விழுக்காடு கட்டணக் குறைப்பும் உண்டு. முழு விவரம் ஆயத்தமாகாவிடில், தற்காலிக விவரத்தை முதலில் அளித்துப் பின் 12 மாதங்களுக்குள் முழு விவரத்தை அளிக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். விண்ணப்பிக்கும் முன்னர்ப் புனைவைப் பலரறிய வெளியிட்டால் அது புதியது என்னும் தகுதியை இழக்கக்கூடும்.

விண்ணப்பத்தில் புனைந்தவரின் பெயரைக் கேட்பார்கள், முகவரியைக் கேட்பார்கள். சாதியைத் தகுதியாகக் கேட்பதில்லை. நெட் என்னும் அடிமைக்குக் கிட்டாத இடம் அது. நம் நாட்டு அரசியல் சட்டம் நமக்கு வழங்கிய குடிமகன் என்னும் பெயரால் அவ்விடம் நமக்கு உரியதாயிற்று.

1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர், அதனைக் கலைக் கல்லூரியாக மட்டும் அமைக்கவில்லை. அறிவியற் கல்லூரியாகவும் அமைத்தார். எழுத்தறிவிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. நம் கழகமும் இருபத்தைந்து ஆண்டுகளில் எழுத்தறிவு என்னும் முதற்படியைக் கடந்துள்ளது. இனி வரும் ஆண்டுகளில் நம் பிள்ளைகள் படிப்பவராக மட்டுமின்றிப் புனைபவராகவும் விளங்க வேண்டும். அவர்கள் எழுதும் ஏட்டின் தலைப்பில் அவர்களுடைய பெயரே இருத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய கலத்தை அவர்கள் கையில் கொடுப்பது இந்த அவையில் கூடியிருக்கும் நம் அனைவரின் பொறுப்பு.